அச்சமும் வெட்கமும் அன்பும்: பெருந்தொற்றுக் காலத்தில் நம் உணர்வுகள் எடுத்த முடிவுகள்

ஒரு தொற்றுநோய் ஊருக்குள் நுழையும்போது அரசும் மருத்துவத் துறையும் சில நடவடிக்கைகளை அறிவிக்கின்றன. முகக்கவசம் அணியுங்கள், கூட்டம் கூடாதீர்கள், அறிகுறி தோன்றினால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரைகள் அனைவருக்கும் பொதுவானவை. ஆனால் அவற்றை ஏற்கும் விதம் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. ஒரே தெருவில் ஒரு குடும்பம் முதல் நாள் காய்ச்சலிலேயே பரிசோதனைக்குச் செல்கிறது. அடுத்த வீட்டில் மூன்று பேர் இருமிக்கொண்டிருந்தும் கதவு திறப்பதில்லை.

இவ்வேறுபாட்டைப் படிப்பறிவின் அளவாக மட்டும் கருதுவது பொருந்தாது. கொரோனா காலத்தில் நாங்கள் சந்தித்த குடும்பங்களில் பெரும்பாலோர் நோயைப் பற்றி ஓரளவு அறிந்தே இருந்தனர். நோய் எவ்வாறு பரவுகிறது என்பதும் எப்போது மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. அறிந்ததைச் செய்யவிடாமல் தடுத்தவையும், சில நேரங்களில் செய்யத் தூண்டியவையும் அவர்களுடைய உணர்வுகளே. அவ்வுணர்வுகள் அன்று எவ்வாறு இயங்கின என்பதை நாம் அனைவரும் அறிந்த சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அன்று நம்மை ஆட்டுவித்த அதே உணர்வுகள் இன்றும் காசநோய்ப் பிரிவிலும் தடுப்பூசி அறையிலும் நோயாளிகளோடு வந்து அமர்ந்திருக்கின்றன. எனவே இது கடந்துபோன கதையன்று.

அச்சம்: கடைத்தெருவுக்கு ஓடிய நாள்

2020 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிப் பகுதிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு. வழக்கமான மளிகைக் கடைகளும் அந்நாள்களில் திறக்கப்படமாட்டா என்பது அதன் சாரம். மக்கள் ஒருவரையொருவர் நெருங்காதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் இடைப்பட்ட 25ஆம் நாள் நடந்ததோ நேர்மாறானது. அதுவரை வீட்டிலேயே அடங்கியிருந்தவர்களும் பையை எடுத்துக்கொண்டு கடைகளுக்கும் சந்தைகளுக்கும் விரைந்தனர். இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் வரையப்பட்டிருந்த வட்டங்களின் மேல் கூட்டம் நெருக்கியடித்து நின்றது.

அன்று சந்தைக்குச் சென்றவர்கள் நோயைப் பொருட்படுத்தாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுள் பலர் நோய்க்கு மிகவும் அஞ்சியவர்கள். அச்சத்தின் இயல்பை இங்கே தெரிந்துகொள்வது நல்லது. அச்சம் தோன்றியதும் இதயம் விரைந்து துடிக்கிறது; தசைகள் இறுகுகின்றன; கவனம் முழுவதும் மிக அருகில் தெரியும் ஓர் ஆபத்தின்மேல் குவிகிறது. அந்நேரத்தில் உடனடியாக ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்னும் உந்துதல் எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத வைரஸைக் காட்டிலும் காலியான அரிசிப் பானை அருகில் இருந்தது. செய்யக்கூடிய செயலாக அன்று கண்முன் இருந்ததும் பொருள் வாங்குவது ஒன்றே.

அச்சம் முழுவதும் தீயதன்று. கைகழுவுவதும் முகக்கவசம் அணிவதும் வழக்கமானதில் அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. செய்வதற்கு எளிய, பயனுள்ள செயல் ஒன்றை அச்சத்தோடு சேர்த்துச் சொன்னால் மக்கள் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். அவ்வாறு எதுவும் சொல்லப்படாதபோது, எதிர்ப்பட்ட செயலை அச்சம் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

வெட்கம்: மறைக்கப்பட்ட காய்ச்சல்

அச்சத்தைவிட அமைதியாகவும் ஆழமாகவும் தீங்கு செய்தது வெட்கம். நோய் கண்டவரின் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் சில வீடுகளின் வாயில்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன. அண்டை வீட்டாரை எச்சரிப்பதே இவற்றின் நோக்கம். எனினும் அந்தத் தெருவில் இருந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. காய்ச்சல் என்று சொன்னால் நம் வீட்டு வாசலுக்கும் இதுவே நேரும் என்பதே அப்பாடம். பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டு வாய் திறவாமல் இருந்தவர்கள் பலர். 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இச்சிக்கலைக் கருத்தில் கொண்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டாலன்றி நோயாளிகளின் வீடுகளில் இத்தகைய அறிவிப்புகளை ஒட்டக்கூடாது என்று அது தீர்ப்பளித்தது.

மறைப்பதால் நேரும் இழப்பு மருத்துவ முறையில் மிகவும் திட்டவட்டமானது. கொரோனா தொற்றில் சிலருக்கு மூச்சுத்திணறல் தோன்றும் முன்னரே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும். நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். விரலில் பொருத்திய ஆக்சிமீட்டர் மட்டும் 94க்குக் கீழே காட்டும். அந்நிலையில் வந்துவிட்டால் பெரும்பாலும் ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்ற இயலும். நான்கைந்து நாள் கழித்து, உதடு நீலம் பாய்ந்த பிறகு வந்தவர்களுக்காக எங்களால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது உறவினர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னவற்றுள் அடிக்கடி இடம்பெற்றது ஒரே செய்தி: அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்று பார்த்தோம்.

நோய்மேல் கொண்ட அச்சம் நோயாளியின்மேல் வெறுப்பாக மாறும்போது அது இறந்தவரையும் விட்டுவைப்பதில்லை. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் உயிரிழந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது, ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது, அவருடைய சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் வேறோர் இடுகாட்டில் தாமே மண்வெட்டி எடுத்து மண் தள்ளி அடக்கம் செய்ய நேர்ந்தது. உரிய பாதுகாப்புடன் கையாளப்படும் உடலை அடக்கம் செய்யலாம், எரியூட்டலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. ஆனால் அது அந்தத் தெருவுக்குச் சென்று சேரவில்லை. சில நாள்களில் தமிழ்நாடு அரசு, இவ்வாறு தடுப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் தேவையாக இருந்தது. எனினும் சரியான செய்தி உரிய நேரத்தில், அந்தப் பகுதி மக்கள் நம்பும் ஒருவரின் வாயிலிருந்து சென்றிருந்தால் கல்லெறிந்த கைகள் சிலவாவது தாழ்ந்திருக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம்.

சினம்: புனே கற்பித்த பாடம்

நோய்த்தடுப்பு நடவடிக்கை ஒன்று மக்களின் தன்மானத்தைத் தொடும்போது என்ன நேரும் என்பதை இந்தியா அதற்கு முன்பே கண்டிருக்கிறது. 2020இல் மாநிலங்கள் கையிலெடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் பிளேக் பரவத் தொடங்கியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுவோர் திரும்பி வருவதில்லை என்னும் பேச்சு ஆலைத் தொழிலாளர்களிடையே பரவிக் கிடந்த நிலையில், 1896 அக்டோபரில் அவர்களுள் ஒரு கூட்டம் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கியது.

அடுத்த ஆண்டு புனேயில் பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைவராக வால்டர் ராண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி அமர்த்தப்பட்டார். படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். அடுப்படியும் பூசையறையும் சோதனையிடப்பட்டன. பெண்கள் பிறர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட்டனர். வீட்டுப் பொருள்கள் தீயிடப்பட்டன. நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்ற மருத்துவக் கருத்தில் பிழையில்லை. ஆயினும் மக்கள் நோயாளிகளை மறைத்தனர், இறந்தவர்களையும் மறைத்தனர். 1897 ஜூன் 22 இரவில் ராண்ட் சுடப்பட்டார். சில நாள்களில் உயிரிழந்தார். சாபேகர் சகோதரர்கள் அதற்காகத் தூக்கிலிடப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் அரசு கட்டாய முறைகளைத் தளர்த்தி, ஊர்ப் பெரியவர்களின் துணையை நாட வேண்டியதாயிற்று.

இப்பாடம் 2020இல் முற்றிலும் மறக்கப்பட்டுவிடவில்லை. தகரம் அடித்த அதே காலத்தில், சென்னையில் வேறொரு பணியும் நடந்தது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குப் பாலும் காய்கறியும் மருந்தும் வாங்கித் தருவதற்கென மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியது. களப்பணியாளர்கள் நாள்தோறும் வீட்டு வாசலில் நின்று, யாருக்கேனும் காய்ச்சல் உண்டா என்று கேட்டறிந்தனர். தெருக்களிலேயே காய்ச்சல் முகாம்கள் நடைபெற்றன. நேற்றுப் பால் வாங்கிக் கொடுத்தவர் இன்று வந்து நலம் கேட்டால் உண்மையைச் சொல்வதற்கு மனம் தயங்குவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்னும் கட்டளை இரண்டிடத்திலும் ஒன்றே. ஓரிடத்தில் அது தண்டனையாக வந்தது. மற்றோரிடத்தில் துணையாக வந்தது.

அன்பு: நீண்ட வரிசையில் நின்ற உறவுகள்

உணர்வுகளுள் உயர்ந்ததான அன்பும் நம்மைத் தவறான இடத்தில் நிறுத்தக்கூடும். 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலையின்போது, சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ரெம்டெசிவிர் மருந்து விற்பனை தொடங்கியது. தந்தைக்காகவும் மனைவிக்காகவும் உடன்பிறந்தார்க்காகவும் மருந்துச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்து இரவெல்லாம் சாலையோரத்தில் காத்திருந்தனர். பின்னர் விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டபோதும் கூட்டம் குறையவில்லை. கள்ளச்சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்தவர்களும் உண்டு.

அம்மருந்து உயிரிழப்பைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்பதால், 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்க மறுத்திருந்தது. நோயாளிகளுள் சில பிரிவினருக்கு அது பயன்தரும் என்று பின்னாளில் அந்நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்திக்கொண்டது. ஆயினும் அன்று மக்கள் நம்பியதுபோல அது எல்லாரையும் மீட்கும் மருந்தன்று. இதற்கிடையே, டெக்ஸாமெதாசோன் என்னும் மிக மலிவான பழைய மருந்து ஒன்று, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியிருந்தது. அது எல்லா மருத்துவமனைகளிலும் இருந்தது. அதற்காக எவரும் வரிசையில் நிற்கவில்லை. நிற்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த வரிசையில் நின்றவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது அறமாகாது. நோயாளி கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்தார். அருகில் அமர்ந்து கஞ்சி ஊட்டவோ கால் பிடித்துவிடவோ முடியாத நிலை. அன்பைக் காட்டுவதற்கு இருந்த எல்லா வழிகளும் அடைபட்டிருந்தபோது, மருந்து தேடிக் கொண்டுவருவது ஒன்றே உறவினர் கையில் எஞ்சியிருந்த கடமை. கிடைப்பதற்கு அரிதானது உயர்வானதாகத் தோன்றுவதும் மனித மனத்தின் இயல்பு. அக்காலத்தில் நாள்தோறும் ஒருமுறை நோயாளியோடு காணொளியில் பேச வைத்த இடங்களில் உறவினரின் தவிப்பு தணிந்ததை நாங்கள் கண்டோம். குடும்பத்தாருக்கு ஒரு பங்கு அளிக்கப்பட வேண்டும் என்பது பரிவு மட்டுமன்று; அது சிகிச்சை ஒழுங்காக நடைபெறுவதற்கும் தேவையானது.

துயரமும் ஐயமும்: ஒரு கலைஞரின் மறைவு

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு முன்மாதிரியாகச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் நாள் அதிகாலையில் காலமானார். இதயத்தின் முதன்மையான இரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் விளக்கினர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அம்மரணம் தடுப்பூசியால் நேர்ந்ததன்று என்று பின்னர் முடிவு கூறியது. ஆனால் அந்நாள்களில் தமிழகம் முழுவதும் எழுந்த கேள்வி ஒன்றே: அவருக்கே இப்படியென்றால் நமக்கு?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். நாள்தோறும் பல லட்சம் பேருக்கு ஊசி போடப்படும் நாட்டில், அவர்களுள் சிலருக்கு அதே வாரத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரவே செய்யும். ஊசி இல்லாவிடினும் அவை வந்திருக்கும். கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆனால் துயரம் கணக்குப் பார்ப்பதில்லை. நலமாக வீடு திரும்பிய பல லட்சம் பேருக்கு முகமில்லை. நம்மைச் சிரிக்க வைத்த ஒருவருக்கு முகம் உண்டு. அதனால்தான் எண்களைக் கொண்டு மட்டும் ஐயத்தை அகற்ற முடிவதில்லை.

அந்த ஐயத்தைப் பெருமளவு கரைத்தவை இரண்டு. ஒன்று, கசப்பான அனுபவம்: மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. நோயின் கொடுமை அருகில் வந்தபோது ஊசியின் அச்சம் சிறிதாயிற்று. மற்றொன்று, நெருக்கம்: பள்ளிக்கூடத்திலும் சத்துணவு மையத்திலும் பேருந்து நிலையத்திலும் முகாம்கள் அமைக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மாபெரும் முகாமில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். தெரிந்த கிராமச் சுகாதாரச் செவிலியர், போட்டுக்கொண்டு நலமாக நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் என, நம்பிக்கைக்கும் அப்போது முகம் கிடைத்தது.

சோர்வு: மெல்ல நழுவிய முகக்கவசம்

மேற்கண்டவை யாவும் உரத்த உணர்வுகள். சோர்வோ ஓசையின்றி வருவது. மாதக்கணக்கில் எச்சரிக்கையாக இருந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அலுப்பு உண்டாயிற்று. முகக்கவசம் மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கியது. திருமண வீட்டில் பந்தி நெருக்கமாயிற்று. 2020இன் பிற்பகுதியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இதைப் பெருந்தொற்றுச் சோர்வு என்று குறிப்பிட்டு, நீண்ட இடர்ப்பாட்டுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை அது என்று விளக்கியது. இயல்பானது என்பதால் அதற்குக் கடிந்துரை பயன்படாது. எல்லாவற்றையும் எப்போதும் செய்யுங்கள் என்று சொல்வதைவிட, காற்றோட்டமில்லாத இடத்திலும் முதியவர் அருகிலும் மட்டும் தவறாது முகக்கவசம் அணியுங்கள் என்று குறைத்துச் சொல்வதை மக்கள் நெடுநாள் கடைப்பிடிப்பார்கள்.

நம் வீடுகளில் நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, உணர்வைப் பெயர் சொல்லி அழையுங்கள். இப்போது என்னை நடத்துவது நோயைப் பற்றிய அச்சமா, ஊரார் பேச்சைப் பற்றிய வெட்கமா என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு. முன்னதற்கு மருத்துவர் விடை தருவார். பின்னதற்கு, நோய் விவரத்தை யாரிடமும் வெளியிடாதிருக்கும் கடமை எங்களுக்கு உண்டு என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, நெஞ்சை உலுக்கும் செய்தி கைப்பேசியில் வந்தால் உடனே பகிராதீர்கள். சினமோ திகிலோ மிகுதியாக எழுப்பும் செய்தியையே முதலில் ஐயப்பட வேண்டும். அதை எங்கள் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். இது என்ன கேள்வி என்று எவரும் உங்களை எள்ளமாட்டார்கள்.

மூன்றாவதாக, தயங்கும் முதியவரோடு வாதிடாதீர்கள். ஊசி வேண்டாம் என்று தாத்தா சொன்னால், எதை நினைத்து அஞ்சுகிறார் என்று கேளுங்கள். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலைப் பற்றியோ, எப்போதோ ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றியோ அவர் சொல்லக்கூடும். அந்த ஒன்றுக்கு மட்டும் விடை கிடைத்தால் போதும். பெரும்பாலும் எஞ்சியவை தாமே விலகும்.

நான்காவதாக, வீட்டில் ஒருவரை ஒதுக்கி வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றும் காசநோய் கண்டவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் வீடுகள் உள்ளன. காசநோய் காற்றின் வழியே பரவுவது. தட்டின் வழியே பரவுவதன்று. முறையாக மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஆனால் குறைந்தது ஆறு மாத காலம் மருந்தை நிறுத்தாமல் உண்ண வேண்டும். உடன் அமர்ந்து உண்ண இடமளிக்கும் வீட்டில், அந்த ஆறு மாதத்தை நிறைவு செய்வது நோயாளிக்கு எளிதாகிறது. தட்டை ஒதுக்கிய வீட்டிலோ மருந்துப் பொட்டலமும் மறைந்துவிடுகிறது.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வரும்போது புதிய மருந்துகளும் புதிய ஊசிகளும் இருக்கலாம்; மனித மனம் மட்டும் பழையதாகவே இருக்கும். அன்றும் நாம் அஞ்சுவோம், வெட்கப்படுவோம், நம் உறவுகளுக்காகத் தவிப்போம். அதில் குறையொன்றுமில்லை. அவ்வுணர்வுகளை மறைத்து வைத்துக்கொண்டு தனியே முடிவெடுக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, பழைய மருந்துச்சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொள்வதுபோல், மனத்தில் உறுத்தும் ஒரு கேள்வியையும் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் முன் அதையே முதலில் கேட்கலாம்.